பிடிபட்டவர்களை நன்றாகக் கவனிக்க வேண்டும்

மருந்துப் பெட்டிக்குள் பொடிசாக மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்களே, அதை யாராவது முழுசாகப் படித்திருக்கிறீர்களா? படித்திருக்க மாட்டீர்கள். தொண்ணூறுகளில் அந்தத் தாள்களைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தவள் நான். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே ஆபீஸ். ஆங்கிலத்தில் வருவதைத் தமிழாக்கிக் கொடுக்க வேண்டும். ‘குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’ என்று எத்தனை தடவை எழுதினேன் என்று எனக்கே தெரியாது. யாரும் படிக்காததால் யாரும் குறையும் சொன்னதில்லை. அதனால் என் தமிழைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

குடியிருந்தது மயிலாப்பூரில், மாட வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மாடிப் போர்ஷன். கல்யாணம் என்று ஒன்று ஆகி, சரிப்படாமல் திரும்பி வந்தவளுக்கு வீடு கிடைத்ததே பெரிய விஷயம் என்று கீழே இருந்த வீட்டுக்கார மாமி அடிக்கடி ஞாபகப்படுத்துவாள். வார நாட்கள் எப்படியோ ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் ஆளைக் கொல்லும். துணி துவைத்து, தலைக்குக் குளித்து, சாப்பிட்டு முடித்தால் பேச ஒரு ஈ காக்கை கிடையாது. சாயங்காலம் கபாலி கோயில் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றுவேன். பூக்காரி கூப்பிட்டால் “வேண்டாம்மா” என்பேன். அன்றைக்கு நான் வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தையே அதுவாகத்தான் இருக்கும். சில நாள் அழுகை வரும். வந்தால் அழுது தீர்த்துவிட்டு உலை வைப்பேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஆபீசுக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். நெட்டையான ஆள், கதர் ஜிப்பா, முகமெல்லாம் வேர்வை. அடையாறில் ஒரு வீட்டின் முன்னறையைத்தான் ஆபீசாக வைத்திருந்தார். அவர் வேலையைக் கேட்டால் சிரிப்பு வரும். கவர்ன்மென்ட் இல்லாமல் தனியாகத் துப்பாக்கி தூக்கியவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் தேடிப் போய், “சண்டை போடுங்கள், போடாமல் போங்கள், ஆனால் இன்னின்னதைச் செய்யாதீர்கள்” என்று கேட்டுக்கொள்வது. ஆஸ்பத்திரியைச் சுடாதே, கையைத் தூக்கியவனைக் கொல்லாதே, பிள்ளைகளைப் படையில் சேர்க்காதே. இதையெல்லாம் சட்டைப் பையில் வைக்கிற அளவுக்கு ஒரு சின்னப் புத்தகமாக, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற இயக்கங்களுக்காகத் தமிழில் எழுதித் தர வேண்டுமாம்.

“கவர்ன்மென்ட் என்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும். மீறினால் நாலு நாடு கேட்கும். இவர்களை யார் கேட்பது?” என்றேன்.

“கையெழுத்து வேண்டாம், வாக்குக் கொடுக்கட்டும்” என்றார். “சனங்கள் தங்களை மதிக்க வேண்டும் என்று எல்லா இயக்கத்துக்கும் ஆசை இருக்கிறது. அந்த ஆசைதான் எனக்குக் கிடைத்த கதவு. ஆனால் அவர்களுடைய மொழியில் போனால்தான் கதவு திறக்கும்.”

செவிடன் காதில் ஊதின சங்குதான் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன். உண்மைக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலையை ஞாயிற்றுக்கிழமைகளில் செய்ய வேண்டும் என்றார். அதற்காகத்தான்.

இன்னொன்றும் சொன்னார். அங்கத்துத் தமிழ் வேறு மாதிரி, சரிபார்க்க ஒருவரை அனுப்புகிறேன் என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் தமிழைச் சரிபார்க்க இன்னொரு ஆளா?

வந்தவள் என்னைவிடப் பத்து வயது சின்னவளாக இருப்பாள். யாழ்ப்பாணத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். இங்கே கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் ஒரு ஒற்றை அறையில் இருந்துகொண்டு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். இலங்கைத் தமிழர் என்றாலே அப்போது வீடு கிடையாது. போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் பதிந்துவிட்டு வர வேண்டும். பஸ்ஸில் வாயைத் திறந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அவள் சைகையிலேயே டிக்கெட் வாங்குவாளாம். நான் அவளை ‘டீச்சர்’ என்று கூப்பிட்டேன். அவள் என்னை முதல் நாளே ‘அக்கா’ என்றாள்.

மாமி சும்மா விடுவாளா? மறுநாள் காலையில் வாளியோடு படியில் வழிமறித்தாள். “யாருடி அது? பேச்சே ஒரு தினுசா இருக்கே. சிலோன்காராளா? நம்மாத்து வாசல்ல போலீஸ் கீலீஸ் வந்து நிக்கப்படாது, இப்பவே சொல்லிட்டேன்.”

“கணக்கு டீச்சர் மாமி. போலீசே அவங்ககிட்ட டியூஷன் வரலாம்” என்றேன். மாமி முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

டீச்சர் எதற்கு இந்த வேலைக்கு வந்தாள் என்பதை இரண்டாவது ஞாயிறு அவளே சொன்னாள். அவளுக்கு ஒரே தம்பி. அவன் வேறொரு இயக்கத்தில் கொஞ்ச காலம் இருந்தவன். அது சிதறிப்போனதும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஒரு சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். ஆனாலும் மற்ற இயக்கத்துக்காரர்கள் ஒரு நாள் காலையில் வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.

“விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டு சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனவங்கள், அக்கா. நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு இருந்தனான். குடிச்சிட்டுப் போகட்டும் எண்டன். வந்து குடிக்கலாம் எண்டாங்கள்.”

அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. வெள்ளைக்காரரின் அடையாறு வாசலில் இவள் எத்தனையோ நாள் போய் உட்கார்ந்திருக்கிறாள். அவர் ஒன்றைத்தான் சொன்னார்: புத்தகம் தயாரானால் அதை எடுத்துக்கொண்டு அந்தத் தம்பியைப் பிடித்து வைத்திருப்பவர்களிடமே போவேன், போனால் கேட்பேன்.

“அப்ப இந்தப் புத்தகம் சரியா வரவேணும். ஒரு சொல் பிழைச்சாலும் அவங்கள் சிரிச்சுப்போட்டு மூடி வைச்சிடுவாங்கள்” என்றாள்.

“நான் எழுதினா பிழைக்காது” என்றேன். சொன்னேனே, திமிர்.

வேலை தொடங்கியது. நான் எழுதி உரக்கப் படிப்பேன், அவள் கேட்பாள். ‘துப்பாக்கி’ என்றால் ‘துவக்கு’ என்பாள். பிள்ளைகளைப் படையில் சேர்ப்பது பற்றிய விதி வந்தபோது, என் மருந்துத்தாள் வாக்கியத்தைப் பேச்சுவாக்கில் அவளிடம் சொன்னேன். “அதையே போடுங்கோ அக்கா. துவக்கை எழுதிப்போட்டு, கீழ ‘குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’ எண்டு போடுங்கோ” என்றாள். போடவில்லை. போட்டிருக்கலாம் என்று பின்னால் தோன்றியது.

ஒருமுறை எனக்கு அலுத்துவிட்டது. “டீச்சர், நிஜமாச் சொல்லுங்க. துப்பாக்கி வெச்சிருக்கறவன் இதைப் படிச்சுத் திருந்துவானா? செவிடன் காதுல சங்கு இது.”

“ஊதுற சங்கை ஊதுவம் அக்கா. விடியேக்க விடியட்டும்” என்றாள். என் பழமொழிக்கு அவள் பழமொழி. அடுத்த விதியை எழுதினேன்.

பிடிபட்டவர்கள் பற்றிய விதிக்கு வந்தோம். புத்தகத்தில் அவளுக்கு வேண்டியது அந்த ஒரு விதிதான். அடிக்கக் கூடாது, பட்டினி போடக் கூடாது, காயம் இருந்தால் மருந்து போட வேண்டும், வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் தலைப்பு மாதிரி ஒரு வாக்கியம் எழுதி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தேன்: “பிடிபட்டவர்களை நன்றாகக் கவனிக்க வேண்டும்.”

டீச்சர் என்னைப் பார்த்தாள். உதடு துடித்தது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள். அடக்க அடக்கச் சிரிப்பு பொங்கி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள்.

“என்ன டீச்சர்?”

“அதைத்தானே அக்கா அவங்கள் செய்யிறாங்கள்! நல்லாத்தான் கவனிக்கிறாங்கள்!”

எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. அட கடவுளே. எங்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷனில் ஒருவனைத் தோலை உரித்து அனுப்பினால் தெருவில் என்ன சொல்வார்கள்? ‘உள்ள வெச்சு நல்லா கவனிச்சுட்டாங்கப்பா.’ காலமெல்லாம் காதில் கேட்ட பேச்சு. எழுதுகிற கைக்குத் தெரியவில்லை. விருந்தாளிக்கு ஓர் அர்த்தம், கைதிக்கு ஓர் அர்த்தம் என்று இருக்கிற ஒரு சொல்லை ஆயுதம் வைத்திருப்பவன் கையில் கொடுக்க இருந்தேன். நானும் சிரித்தேன். கீழேயிருந்து மாமி, “என்னடி கும்மாளம்!” என்று கத்துகிற அளவுக்குச் சிரித்தோம். அந்த வீட்டில் நான் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

“சரி, என்ன போடறது?”

“‘பராமரிக்க வேண்டும்’ எண்டு போடுங்கோ.”

“பராமரிப்பா? அது லிஃப்டுக்கும் தண்ணித் தொட்டிக்கும் போடற சொல் டீச்சர்.”

“எங்கட ஊரில பிள்ளையைப் பராமரிக்கிறது, வருத்தக்காரரைப் பராமரிக்கிறது. அந்தச் சொல்லில அடி விழாது அக்கா” என்றாள். வருத்தக்காரர் என்றால் அங்கே நோயாளி.

‘கவனிக்க’ என்பதை அடித்துவிட்டு ‘பராமரிக்க’ என்று எழுதினேன். டீச்சர் அதைத் தானே ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள்.  நான் காபி கலக்கப் போனேன்.

அச்சடிக்கப் பாண்டி பஜார் பக்கத்தில் எனக்குத் தெரிந்த அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர். முதல் பக்கத்தைப் பார்த்ததுமே காகிதத்தைச் சூடு பட்டவர் மாதிரி மேஜையில் போட்டார்.

“யம்மா, இன்னாம்மா இது? போராளின்னுகீது, ஆயுதம்னுகீது. நாளைக்குப் போலீஸ்காரன் வந்து இங்க குந்திக்கினா நான் இன்னா பண்ணுவேன்?”

“சண்டை வேண்டாம்னுதாங்க எழுதியிருக்கு.”

“அத்த அவன் படிச்சுப் பாத்துட்டா புடிப்பான்? ஆள வுடும்மா” என்று பெரிய கும்பிடாகப் போட்டார். கோபம் வந்தது, ஆனால் அவரைச் சொல்லியும் குற்றமில்லை. டைப் அடித்த பக்கங்களை வெள்ளைக்காரரிடமே கொடுத்தோம். வெளிநாட்டில் அச்சடித்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டார்; அச்சானதும் அங்கிருந்தே கொழும்புக்குப் போவதாகச் சொன்னார்.

வேலை முடிந்துவிட்டது. இனி டீச்சர் எதற்கு வரப் போகிறாள் என்று அடுத்த ஞாயிறு குளத்துப் பக்கம் கிளம்பச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். படியில் சத்தம். கையில் ஒரு தேங்காயோடு நின்றாள். “பிட்டு அவிப்பமே அக்கா?” என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள். பிட்டு, சம்பல், என் வத்தக்குழம்பு. மாமிக்கும் ஒரு கிண்ணம் போகும். வேண்டாம் வேண்டாம் என்று வாங்கிக்கொண்ட மாமி, ஒரு வாரம் கொடுக்க மறந்தால், “இன்னிக்கு அவ வரலையா?” என்று படிக்கட்டில் நின்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டாள்.

என் வாழ்க்கையில் நான் நிம்மதியாக இருந்த ஞாயிறுகள் அவை. அவளுக்கு அவை காத்திருந்த ஞாயிறுகள். சமைக்கும்போது நடுவில் கையை நிறுத்திவிட்டு, “இப்ப போய்ச் சேர்ந்திருப்பார், என்ன அக்கா?” என்பாள். “சேர்ந்திருப்பார்” என்பேன். அவர் சீக்கிரம் திரும்ப வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். நான் வாயால் மட்டும் வேண்டிக்கொண்டேன்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவர் திரும்பினார். ஒரு ஞாயிறு மத்தியானம் அடையாறுக்கு வரச் சொன்னார். இருவரும் போனோம். மெலிந்து கறுத்திருந்தார், ஆனால் முகமெல்லாம் சந்தோஷம்.

“படித்தார்கள்!” என்றார் உட்காருவதற்கு முன்பே. “அங்கே பொறுப்பில் இருந்தவர் என் முன்னாலேயே முழுசாகப் படித்தார். சிரிக்கவில்லை. பிடிபட்டவர்கள் பற்றிய விதியில் விரலை வைத்து, எல்லோரும் கேட்க வாக்குக் கொடுத்தார். உங்களுக்காக அவருடைய வார்த்தையை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன்.” கண்ணை மூடிக்கொண்டு, எழுத்துக் கூட்டுகிற குழந்தை மாதிரி தமிழில் சொன்னார்: “இனி-மேல், பிடி-படுற ஆக்களைப் பராமரிப்பம்.”

எனக்குப் புல்லரித்துவிட்டது. எங்கள் சொல்! மாடிப் போர்ஷனில் சண்டை போட்டுத் தேர்ந்தெடுத்த சொல், கடல் தாண்டிப் போய் ஒரு கமாண்டர் வாயில் ஏறித் திரும்பி வந்திருக்கிறது. சங்கு கேட்டுவிட்டது. டீச்சரின் கையைப் பிடித்தேன். 

“தம்பி?” என்றாள்.

“கேட்டேன். பெயர், ஊர், சைக்கிள் கடை எல்லாம் சொல்லிக் கேட்டேன். நல்ல செய்திதான். அவனை நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள் என்று கூட வந்த மொழிபெயர்ப்பாளர் சொன்னார். உன் தம்பியைப் பற்றிய வார்த்தை உன் மொழியிலேயே உனக்குக் கிடைக்க வேண்டும் என்று அதையும் மனப்பாடம் செய்தேன்.” மறுபடி கண்ணை மூடினார். “அவ-ரை நாங்-கள் நல்லாக் கவனிச்ச-னாங்கள்.”

கண்ணைத் திறந்து எங்கள் சந்தோஷத்துக்காகக் காத்திருந்தார்.

 டீச்சர் ரொம்ப மரியாதையாக, ஆங்கிலத்தில், அதைச் சொல்லும்போது அந்தப் பொறுப்பாளர் சிரித்தாரா என்று கேட்டாள். ஆமாம், சிரித்த முகமாகத்தான் சொன்னார், அதனால்தான் எனக்கும் நம்பிக்கை வந்தது என்றார் அவர். வேறு ஏதாவது சொன்னாரா? இல்லை, உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டார். “தேங்க் யூ” என்று எழுந்துவிட்டாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நல்ல மனிதர். உயிரைப் பணயம் வைத்துப் போய்க் கேட்டு வந்தவர். ஆனாலும் அப்படி ஒரு கோபம்.

பஸ்ஸில் திரும்பினோம். போர்ஷனுக்கு வந்து பாயில் உட்கார்ந்தாள். நான் டீ போட்டேன். தம்ளர் கையிலேயே ஆறியது.

“டீச்சர், அது நல்ல அர்த்தமாவும் இருக்கலாம். நாமதான் தப்பா எடுத்துக்கறோம். அகராதியில முதல் அர்த்தமே பேணுறது, பார்த்துக்கறதுதான்.”

“அந்தாள் புத்தகத்தைப் படிச்சவர் அக்கா. அதில பராமரிக்கிறது எண்டு இருக்கு. இனிமேல் பிடிபடுற ஆக்களுக்கு அந்தச் சொல்லைச் சொன்னார். என்ர தம்பிக்கு மட்டும் ஏன் மற்றச் சொல்லு?” கணக்கு டீச்சர். கரும்பலகையில் வரி வரியாக எழுதுகிற மாதிரி சொன்னாள். “கவனிக்கிறம் எண்டுகூடச் சொல்லேல்லை. கவனிச்சனாங்கள். முடிஞ்சுது.”

   அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

இருட்டுவதற்கு முன் கிளம்பினாள். படியில் இறங்கும்போது மாமி வாசலில் கோலமாவு டப்பாவோடு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்து மாமிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒன்றும் தெரியாத மாமி, ஆசையாகத்தான், என்னைப் பார்த்துக் கேட்டாள்: “ஏண்டி, அவ முகமே வாடிக் கெடக்கு? வந்தவாளை நன்னாக் கவனிச்சியோ இல்லையோ?”

டீச்சர் நின்றாள். “ஓம் மாமி. அக்கா நல்லாக் கவனிச்சவா” என்றாள். மாமியைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். பிறகு சந்து முனையைத் தாண்டிப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நான் கோட்டூர்புரம் போனேன். கதவு திறந்திருந்தது. தரையில் பிள்ளைகள் உட்கார்ந்து பின்னங்களைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் வாசலுக்கு வந்தாள்.

“கோபம் ஒண்டும் இல்லை அக்கா. உங்களைப் பார்த்தா அந்தச் சொல்லு வருகுது. உங்கட அறையில இருந்து நாங்கள் சிரிச்சனாங்கள்தானே.” உள்ளே பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “இனிமேல் ஞாயிற்றுக்கிழமையில டியூஷன் வைச்சிருக்கிறன்” என்றாள்.

சரி டீச்சர் என்றேன்.  கொண்டுபோன வத்தக்குழம்பைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். பாத்திரத்தைக் கழுவித் தருகிறேன் என்றாள். வேண்டாம், அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அப்புறம் என்று ஒன்று வரவில்லை. சில மாதங்களில் அந்த அறையில் வேறு யாரோ குடியிருந்தார்கள்.

அன்றைக்குப் பஸ் பிடித்து மயிலாப்பூர் வந்து சேர்ந்தேன். மாமி கிண்ணத்தைக் கழுவிக் கையிலேயே வைத்துக்கொண்டு படிக்கட்டில் நின்றாள்.

“இன்னிக்கும் அவ வரலையாடி?”

“இனிமே வரமாட்டாங்க மாமி” என்று சொல்லிவிட்டு மேலே போய் விளக்கைப் போட்டேன்.